கவ்வியில் ஒரு பச்சைப் பூட்டு

நோட்டு இரண்டு தண்ணீர் பாட்டில்கள்தான் கொண்டுவந்தான்.

டேங்குக்குள் இறங்கியிருந்தவர்கள் மூன்று பேர். ஆலையின் வால்வுகளுக்குப் பொறுப்பான வால்வக்கா அதைக் கவனித்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேன்ஹோல் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர் வருகிறவர் விவரத்தை எழுதிவைப்பது அவன் வேலை. அதனால்தான் நோட்டு என்று பெயர். மற்றபடி அவனுக்கும் எண்ணிக்கைக்கும் ஏழாம் பொருத்தம். பத்து போல்ட் எடுத்துவரச் சொன்னால் ஒன்பதோடு வந்து நின்று பல்லைக் காட்டுவான்.

“மூணு பேர் உள்ள இருக்காங்கப்பா. மூணாவது ஆளுக்குத் தாகம் எடுக்காதா?”

“அட, ஆமாக்கா.” தலையைச் சொறிந்தான். “ரேடியோ இருக்கான்ல. மறந்தே போச்சு.”

அதுதான் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ரேடியோவை ஒருவர் மறக்க முடியுமா? ரேடியோ அவளுடைய தம்பி. காலையில் பல் தேய்க்கத் திறக்கிற வாய், ராத்திரி முகம் தலையணையில் புதைந்தால்தான் மூடும். சத்தத்தைக் குறைக்கவும் முடியாது, ஸ்டேஷனை மாற்றவும் முடியாது என்று அந்தப் பேரை வைத்ததே அவள்தான். இப்போதும் டேங்குக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இரும்புச் சுவரில் மோதி உருண்டு, சொல் எது எதிரொலி எது என்று பிரிக்க முடியாமல் மேன்ஹோல் வழியாக வெளியே வந்து விழுந்தது. நடுநடுவே, சுவரில் படிந்ததைச் சுரண்டும் சுரண்டுகோலின் கர்ரக், கர்ரக்.

ஆலை நின்று ஆறு நாள் ஆகியிருந்தது. ஓடுகிற நாட்களில் பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டிய இடம் அது. இப்போது கூரைத் தகட்டில் புறா நடந்தால் நகம் உரசுவது கேட்டது. கூரையில் அங்கங்கே பதித்திருந்த பிளாஸ்டிக் தகடுகள் வழியே மஞ்சள் வெயில் இறங்கி, குழாய்களின் மேல் பட்டை பட்டையாகக் கிடந்தது. சவுக்காரம் போன்ற ஒரு நெடி, ஈர இரும்பின் வாசனை, பழைய கிரீஸ். இத்தனை வருடத்தில் அவளுக்கு இந்த அமைதி பழகவே இல்லை. ஷட்டவுன் வந்தால் உட்கார மாட்டாள். மேன்ஹோலிலிருந்து வால்வுக் குழிக்கு முப்பத்திரண்டு அடி, வால்வுக் குழியிலிருந்து மேன்ஹோலுக்கு முப்பத்திரண்டு அடி என்று நடந்துகொண்டே இருப்பாள்.

வால்வுக் குழி டேங்கின் பின்பக்கம் இருந்தது. நான்கு படி இறங்கினால் ஆறு அங்குலக் குழாய், அதன் நடுவில் அந்த பால் வால்வு. எஃகுப் பந்து ஒன்று, அதன் நடுவே ஊடுருவிப் போகிற ஒரு துளை, அவ்வளவுதான் அதன் உள்விஷயம். நீளக் கைப்பிடி குழாயோடு சேர்ந்து படுத்திருந்தால் வழி திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் வட்டத் திருப்பில் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் பக்கம் காலி டேங்க், அந்தப் பக்கம் கொதிக்கிற காரக் கரைசல். பக்கத்துக் கட்டடத்துக் கொப்பரையில் வருடம் பூராவும் அது சூட்டிலேயே கிடக்கும், ஆறவிட்டால் குழாயிலேயே உறைந்து கல்லாகிவிடும். தோலில் பட்டால் தோல் இருக்காது. அந்தக் குழாயில் அடைப்புத் தகடு போட இடமில்லை என்பதால், உள்ளே போகிறவர்களின் உயிருக்கு அந்த வால்வும் அதில் தொங்கும் பூட்டுகளும்தான் பொறுப்பு.

பூட்டு விஷயத்தில் இங்கே ஒரே சட்டம். கைப்பிடியைக் குறுக்கே நிறுத்தி, ஆறு துளை போட்ட இரும்புக் கவ்வியை மாட்டுவார்கள். டேங்குக்குள் போகிற ஒவ்வொருவரும் அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். வெளியே வந்தபின் அவரவர் பூட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் அடுத்தவன் பூட்டைத் தொடக்கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இன்று கவ்வியில் நான்கு பூட்டுகள். சிவப்பு அவளுடையது, பொறுப்பாளர் பூட்டு. மஞ்சள், தம்பியோடு உள்ளே இறங்கிய மொட்டையுடையது. நீலம் மொட்டையின் மச்சானுடையது. பச்சை தம்பியுடையது, அதில் அவன் மகள் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தாள், ஐந்து இதழும் ஐந்து அளவில்.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மா, “இவன் எங்கயாவது பேசிக்கிட்டே காணாமப் போயிடுவான்டி” என்று சொன்னபோது, “என் கண்ணு முன்னாடியே வச்சுக்கிறேம்மா” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் அவன் டேங்குக்குள் இறங்குகிற நாளெல்லாம் அவன் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அதை அவனிடம் காட்டிக்கொள்ள மாட்டாள், காட்டினால் ஒரு வாரத்துக்கு அதையே பேசுவான்.

பதினொன்றரை மணிக்குப் பெர்மிட் அட்டையை எடுத்துப் பார்த்தாள். காலையில் மூன்று பேரும் அவள் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது மேலே மொட்டையின் கோழிக் கிறுக்கல் இருந்தது. கீழே அவன் மச்சானின் கையெழுத்து. நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது. அழித்த தடமும் இல்லை, பேனா அழுத்திய பள்ளமும் இல்லை. அட்டையை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள்.

“ரேடியோ கையெழுத்துப் போடலையா?”

“போட்டானேக்கா.” நோட்டு அட்டையை எட்டிப் பார்த்தான். பிறகு முகம் சுருங்கியது. “போட்டானா?”

அவள் மேன்ஹோலில் தலையை விட்டுக் கத்தினாள். உள்ளேயிருந்து தம்பி வந்து எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் வெண்தூள், புருவம்கூட வெளுத்திருந்தது.

“என்னக்கா, சாப்பாட்டு நேரமா?”

“கையெழுத்துப் போடாம உள்ள போயிருக்கே. போடு.”

“போட்டேனே! பேனா எழுதலைன்னு உதறிட்டு வேற பேனால போட்டேன், நீயும் பாத்துட்டுதான் நின்னே.” மறுபடி போட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். அவன் குரலைத் தாழ்த்தி அவள் கேட்டதே இல்லை. “அக்கா, இவனுங்க ரெண்டு பேரும் என்கிட்ட பேச மாட்டேங்கிறானுங்க. கேட்டா பதிலே இல்ல.”

“நீ பேசுற பேச்சுக்கு எவன் பதில் சொல்லுவான்? மூச்சு விட இடம் குடுத்தாத்தானே.”

“அது இல்லக்கா. என் பாட்டில மொட்டை பிடுங்கிக் குடிச்சிட்டான். நான் கைல வச்சிருக்கும்போதே. என்னைப் பாக்கவே இல்ல, ஏதோ ஆணில மாட்டியிருந்ததை எடுக்குற மாதிரி எடுத்தான்.”

“விளையாடுறான்டா. போ, வேலையப் பாரு.”

அவன் ஒரு கணம் அங்கேயே நின்றான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு தலை இருட்டுக்குள் போய்விட்டது.

அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை. முப்பத்திரண்டு அடி போனாள், முப்பத்திரண்டு அடி வந்தாள். கைப்பிடி குறுக்கே நின்றது, ஒரு நூல்கூட நகரவில்லை. நான்கு பூட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். இந்த வால்வின் சீட்டை மாற்றியது அவள், கைப்பிடிக்குக் கீழே கசிவு வராமல் பேக்கிங் அடைத்தது அவள். அதன்மேல் அவளுக்குச் சந்தேகமில்லை. என்ன சந்தேகம் என்றும் தெரியவில்லை. ஏதோ ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்த மாதிரி மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்கு மொட்டையும் மச்சானும் வெளியே வந்தார்கள். வேலை முடிந்தது என்றார்கள். குழிக்கு இறங்கி மஞ்சள் பூட்டையும் நீலப் பூட்டையும் கழற்றினார்கள். கவ்வியில் சிவப்பும் பச்சையும் தொங்கின.

“அவன் எங்க?”

“யாருக்கா?” என்றான் மொட்டை.

“ரேடியோ.”

மொட்டை மச்சானைப் பார்த்தான். மச்சான் மொட்டையைப் பார்த்தான். அவர்கள் முகத்தில் குறும்பு தேடினாள். இந்த மூவரும் ஒருவர் செருப்பை ஒருவர் ஒளித்துவைத்து விளையாடுகிற ஆட்கள்தான். குறும்பு இல்லை. வெறும் குழப்பம், அதுவும் மரியாதையான குழப்பம்.

“பாட்டுக் கேக்கலைக்கா நாங்க. உள்ள சிக்னலே வராதே.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “என் தம்பிய கேக்குறேன். உங்களோட உள்ள வந்தவன். காலையில ஒரே டம்ளர்ல டீ குடிச்சீங்களே!”

“உங்களுக்குத் தம்பி இருக்கானாக்கா?” என்று கேட்டான் மச்சான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவன் மாதிரி கேட்டான்.

அவள் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு மேன்ஹோலுக்குள் நுழைந்தாள்.

உள்ளே வெப்பமும் ஈரமுமாக இருந்தது. நாக்கில் கசப்பு ஒட்டியது. டார்ச் வெளிச்சம் வட்டச் சுவரை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தது. ஒளிந்துகொள்ள ஒரு மூலை இல்லாத இடம் அது, உருண்டையான வெறும் இரும்பு. இரண்டு பங்குச் சுவர் சுத்தமாகச் சுரண்டப்பட்டுப் பளபளத்தது. மூன்றாவது பங்கில் வேலை பாதி நடந்திருந்தது. வெண்படிவத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவந்து, இடுப்பு உயரத்தில், இழுப்பின் நடுவிலேயே நின்றிருந்தது. கீழே ஒரு சுரண்டுகோல் கிடந்தது. அதன் பிடி ஈரமாக இருந்தது.

“டேய்,” என்றாள். டேய், டேய், டேய் என்றது டேங்க்.

அப்போது அந்தக் கோட்டின் முனையிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. கோடு அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தது. சத்தமே இல்லை. யாரும் இல்லை. தூள் மட்டும், யாரோ அவளுக்கு முதுகு காட்டி நின்று சுரண்டுவதுபோல, நிதானமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. பெயர் வரவில்லை.

நாக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்வார்களே, அப்படிக்கூட இல்லை. நாக்கு நுனியிலும் இல்லை, அடியிலும் இல்லை. அம்மா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தபோது வாத்தியாரிடம் அவளே சொன்ன பெயர். அந்த இடத்தில் இப்போது சுரண்டித் துடைத்த இரும்பு மாதிரி ஒரு வழவழப்பு இருந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழிக்குப் போகும் வழியிலேயே போனை எடுத்தாள். தம்பி பொண்டாட்டிக்கு அடித்தாள்.

“சொல்லுங்கண்ணி,” என்றாள் அவள். பின்னால் குக்கர் விசில், குழந்தையின் சிரிப்பு. அண்ணி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் வால்வக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. இருக்கிறான். என் தம்பி இருக்கிறான், அதனால்தான் இவளுக்கு நான் அண்ணி.

“உன் வீட்டுக்காரன் பேர் என்ன? உடனே சொல்லு.”

“என்னண்ணி இது கேள்வி?” சிரித்தாள். “அவர் பேரு…” சிரிப்பு நின்றது. குக்கர் இன்னொரு விசில் அடித்தது. “இருங்கண்ணி. இப்ப வாய்ல இருந்துச்சு.”

“சொல்லும்மா. யோசிக்காத, சும்மா சொல்லு.”

“அண்ணி, நான் காலைல ரெண்டு டிபன் கட்டினேன். ஒண்ணு பாப்பாவுக்கு.” அவள் குரல் மெல்லியதாகிவிட்டது. “இன்னொண்ணு யாருக்கு?”

“அவனுக்குத்தான்! உன் புருஷனுக்கு! வச்சுடாத, பேசிக்கிட்டே இரு. கல்யாணத்தன்னிக்கு மைக்கப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு நின்னானே, ஞாபகம் இருக்கா? உங்க அப்பா வந்து வயரப் பிடுங்கினாரே…”

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. குழந்தை சிரிப்பதை நிறுத்தியிருந்தது.

“மேடம்,” என்றது அந்தக் குரல், பணிவாக. “நீங்க யாரு பேசுறீங்க?”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இணைப்பு அறுந்தபிறகும் எடுக்கவில்லை.

குழிக்குள் இறங்கினாள். சிவப்பும் பச்சையும் அப்படியே தொங்கின. பச்சைப் பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். பூ இல்லை. மறுபக்கம் திருப்பினாள். அங்கேயும் இல்லை. பச்சை மட்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வால்வுக்குள்ளிருந்து. டக். டக். டக்.

டேங்குக்குள் இருப்பவர்கள் பேசினால் வெளியே புரியாது. அதனால் வெளியே வர வேண்டும் என்றால் சுரண்டுகோல் பிடியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார்கள். மூன்று என்றால், நான் வருகிறேன், திறந்துவிடாதே. வால்வு வேலை தெரிந்தவரிடம் இந்தச் சத்தத்துக்கு வேறு விளக்கமும் உண்டு. மூடிய பந்தின் துளைக்குள் ஒரு சொம்பு கரைசல் மாட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கச் சூட்டில் அது விரியும், சுருங்கும், உலோகம் டிக் டிக்கென்று முனகும். அவளே எத்தனையோ புதுசுகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பயத்தைத் தெளியவைத்திருக்கிறாள்.

டக். டக். டக்.

சூடு எண்ணித் தட்டாது. அவள் குழாயில் காதை வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை. இரும்புக்குள், வெகு தூரத்தில், ஒரு முணுமுணுப்பு. நிற்காத முணுமுணுப்பு. சொல் எது எதிரொலி எது என்று தெரியவில்லை.

“இருக்கேன்டா,” என்றாள். “அக்கா இங்கதான் இருக்கேன். திறக்க விட மாட்டேன்.”

படியில் உட்கார்ந்தாள். அவனைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாய்க்குப் பயப்படுவான். டைபாய்டு வந்தபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடியிருக்கிறேன். இடது புருவத்தில் தழும்பு. முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாய்க்குப் பயப்படுவான். டைபாய்டு வந்தபோது. தழும்பு. எந்தப் புருவம்? மறுபடி. நாய்க்கு. மழை. மழையில் எதையோ தூக்கிக்கொண்டு ஓடினேன். கனமாக இருந்தது. சுட்டது. என்ன அது?

மறுபடி.

நாய்.

நான்கரை மணிக்கு மேனேஜர் வந்தார். கூடவே மொட்டை, மச்சான், நோட்டு. மொட்டை கையில் பூட்டு வெட்டும் பெரிய கத்தரி. மேன்ஹோல் மூடியைப் பொருத்தி எல்லா போல்ட்டையும் முறுக்கியாகிவிட்டது, ஐந்து மணிக்குள் கரைசலை ஓடவிடாவிட்டால் குழாய் உறைந்துவிடும் என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. வேர்த்துக்கொண்டிருந்தார்.

“முடியாது சார். பூட்டு தொங்குது. உள்ள ஆள் இருக்கு.”

“ரெண்டு தடவை நானே உள்ள போய்ப் பாத்தேன்மா. வெறும் டேங்க். இது போன ஷட்டவுன்ல எவனோ விட்டுட்டுப் போன பூட்டு. ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு இப்படி மாட்டுது, உங்களுக்கே தெரியும்.”

அது உண்மை. ஒவ்வொரு வருடமும் ஒன்று மாட்டும். மூன்று கையெழுத்து வாங்கி வெட்டி எறிவார்கள். யாருடையது என்று யாருக்கும் நினைவிருக்காது. அவள் மனசுக்குள் அவற்றை எண்ணத் தொடங்கினாள். எத்தனை வருடமாக. எத்தனை பூட்டு. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

கவ்வியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“சரி,” என்றார் மேனேஜர். குந்தி உட்கார்ந்து அவள் கண்ணுக்கு நேராகப் பேசினார். “உள்ள இருக்கிறது யாரு? பேரச் சொல்லுங்க. போல்ட்ட எல்லாம் கழட்டச் சொல்லி நானே திரும்ப உள்ள போறேன். சத்தியமா.”

அவள் வாயைத் திறந்தாள்.

“வேண்டாம், பேர் வேண்டாம். ஆணா, பொண்ணா? அதையாவது சொல்லுங்க.”

டக். டக். டக். அவள் கைக்குக் கீழேயே. மற்றவர்கள் நால்வரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கு யாரு அது?”

எனக்கு. அவள் தேடினாள். எனக்கு யார். எனக்கு. உள்ளே எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கதவை நோக்கிப் போனாள். கிட்டே போகப் போகக் குரல் தேய்ந்தது. இன்னும் கிட்டே. இன்னும். கதவும் இல்லை. சுவர். வழவழவென்று.

“ஏம்மா அழுறீங்க?” என்று கேட்டார் மேனேஜர்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. “தெரியல சார்,” என்றாள். அது உண்மைதான், அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கே வெட்கமாக இருந்தது. “ஆறு நாளா சரியாத் தூங்கல. அதான் போல.”

“எழுந்திரிங்கக்கா,” என்று நோட்டு கை கொடுத்தான்.

வால்வக்கா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாரும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஆலையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்கும். எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டாள். பூட்டு வெட்டும் தாளில் மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார், நோட்டு போட்டிருந்தான். மூன்றாவதாக அவள் போட்டாள். மொட்டை கத்தரியை வைத்து அழுத்தினான். பழைய பூட்டு ஒன்று டங்கென்று தரையில் விழுந்து உருண்டது. மச்சான் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான். பிறகு அவள் தன் சிவப்புப் பூட்டைத் திறந்து, கவ்வியைக் கழற்றினாள்.

வால்வு டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

“என்னக்கா சத்தம்?” என்றான் மொட்டை.

“பந்துக்குள்ள கொஞ்சம் கரைசல் மாட்டியிருக்கும். சூட்டுக்கு அப்படித்தான் சத்தம் போடும். திறந்தா நின்னுடும்.”

பால் வால்வைப் படக்கென்று திறக்கக் கூடாது, குழாய் உதைக்கும். அவள் கைப்பிடியில் உடம்பின் கனத்தைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சை இழுத்துவிடுகிற வேகத்தில் நகர்த்தினாள். கால் பங்கு. தட்டும் சத்தம் வேகமானது. மூன்று மூன்றாக இல்லை இப்போது, தாறுமாறாக. பாதி. குழாய்க்குள் கரைசல் புகுந்து சீறியது. முக்கால். கைப்பிடி குழாயோடு சேர்ந்து படுத்தது. ஒரே சீரான இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆறு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

நிரம்பும்போது மட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது முறை. டேங்கின் முன்பக்கச் சுவரில், மேன்ஹோலுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கனமான கண்ணாடி ஒன்று பதித்திருந்தார்கள். அவள் முப்பத்திரண்டு அடி நடந்து அங்கே போனாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தாள், ஆவி உள்பக்கம் இருந்தது. டார்ச்சை ஏற்றி, மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய்க் காத்திருந்தாள். கரைசலின் கோடு கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு வந்து, மெல்ல ஏற ஆரம்பித்தது.

உள்பக்க ஆவி ஓரிடத்தில் விலகியது. யாரோ உள்ளங்கையால் துடைத்த மாதிரி.

கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. வெண்தூள் அப்பிய முகம். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. தன் முகம்தான் என்று வால்வக்கா நினைத்தாள். நாள் பூராவும் கழுவாமல் இப்படியா இருக்கிறது என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியில் இருந்த முகம் கன்னத்தைத் துடைக்கவில்லை. கரைசல் அதன் முகவாயைத் தொட்டிருந்தது. தொட்ட இடத்திலிருந்து தோல் வெண்மையாக, தூளைப் போலவே, உரிந்து மிதந்தது. அவள் குனிந்து இன்னும் உற்றுப் பார்த்தாள். அதுவும் அவளையே பார்த்தது. அவள் உதடுகள் மூடியிருந்தன. கண்ணாடிக்குள்ளே இருந்த வாய் அவளைப் பார்த்து நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது.